அடுக்குமாடியின் மின்கணக்கு: சுவர் எழுப்புபவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் வேறொருவர்

புது தில்லி: 2024-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி தலைநகர் தில்லியின் குறைந்தபட்ச வெப்பநிலை 35.2 டிகிரி செல்சியஸாகப் பதிவானது. இரவு முழுவதும் தணிந்த பிறகும் விடியற்காலையில் எஞ்சியிருந்த வெப்பம் அது. அன்று பிற்பகல் தில்லியின் மின் தேவை 8,656 மெகாவாட்டை எட்டி, அதுவரை கண்டிராத உச்சத்தைத் தொட்டது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், மே 30-ஆம் தேதி, நாட்டின் ஒட்டுமொத்த மின் தேவையும் 2.5 லட்சம் மெகாவாட் என்ற புதிய உச்சத்தை அடைந்திருந்தது.

இந்தத் தேவையின் பெரும்பகுதி எங்கே செல்கிறது என்பதை அறிய, தில்லியின் எல்லையைக் கடந்து நொய்டா, காஜியாபாத், குருகிராம் ஆகிய நகரங்களுக்கு இரவு 11 மணிக்குச் சென்றால் போதும். இருபது, முப்பது மாடிகள் கொண்ட குடியிருப்புக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு அல்லது மூன்று குளிர்சாதனப் பெட்டிகள். அவற்றின் வெளிப்புறக் கருவிகள் குறுகிய இடைவெளிகளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. கீழ்மாடிக் கருவி வெளியேற்றும் அனல் காற்று மேலெழும்பி, மேல்மாடிக் கருவியின் வாயிலில் நுழைகிறது. வெளிக்காற்று எவ்வளவு சூடோ, அவ்வளவுக்குக் கருவி கூடுதல் மின்சாரம் உறிஞ்சும். மேல்மாடியில் வசிப்பவர் கீழ்மாடியினரின் வெப்பத்துக்கும் சேர்த்தே கட்டணம் செலுத்துகிறார்.

அந்தக் கட்டணத்தை நிர்ணயிக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை அவர் அந்த வீட்டை வாங்குவதற்கு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டன. சுவர் எந்தப் பொருளால் ஆனது, ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, அதற்குமேல் சன்ஷேடு உண்டா என்பவற்றையெல்லாம் தீர்மானித்தவர் கட்டுமான நிறுவனத்தார். வீடு விற்றுத் தீர்ந்ததும் அவருடைய கணக்கு முடிந்துவிடுகிறது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு மின்கட்டணம் செலுத்துபவர் வேறொருவர். அதனால் வெளியேறும் பசுமை இல்ல வாயுக்களின் விளைவை ஏற்பவர்களோ, அந்தக் கோபுரத்தின் வாயிலைக்கூட மிதித்திராத கோடிக்கணக்கானோர்.

நாட்டின் மின் நுகர்வில் ஏறத்தாழ கால் பங்கு வீடுகளுக்குச் செல்கிறது. அந்தப் பங்கு வளரும் வேகத்தைப் பெருநகரங்களின் புதிய கட்டடங்களே பெரிதும் நிர்ணயிக்கப் போகின்றன. எனவே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்கணக்கு என்பது குடியிருப்போர் சங்கத்தின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று.

ஒரு கோபுரத்தின் கணக்கு: கணக்கை எளிதாக்க, 20 மாடிகளும் மாடிக்கு 6 வீடுகளுமாக 120 வீடுகள் கொண்ட ஒரு கோபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். வீட்டுக்கு இரண்டு ஒன்றரை டன் குளிர்சாதனங்கள், கடுங்கோடையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இயங்குவதாகவும், ஒவ்வொன்றும் மணிக்கு ஒரு யூனிட் செலவழிப்பதாகவும் கொள்வோம். ஒரு வீட்டுக்கு 16 யூனிட். கோபுரம் முழுவதற்கும் நாளொன்றுக்கு 1,920 யூனிட்.

மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, இந்தியாவில் ஒரு யூனிட் மின்சார உற்பத்தியில் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு வெளியாகிறது. நாட்டின் மின் உற்பத்தியில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்தே கிடைப்பது இதற்குக் காரணம். அவ்வாறெனில், மேற்கண்ட கோபுரத்தின் குளிர்சாதனங்களுக்காக மட்டும் நாளொன்றுக்கு 1.3 டன்னுக்கும் மேல், மாதத்துக்கு ஏறத்தாழ 40 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வெளியேற்றம் சுமார் 2 டன். அதாவது இருபது இந்தியர்கள் ஓராண்டு முழுவதும் அனைத்துத் தேவைகளுக்குமாக வெளியேற்றும் அளவை, ஒரு கோபுரத்தின் குளிர்சாதனங்கள் ஒரே மாதத்தில் வெளியேற்றிவிடுகின்றன.

இதே கோபுரத்துக்குத் தண்ணீர் ஏற்ற ஆகும் செலவை ஒப்பிட்டால் வியப்பு மேலிடும். வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு 135 லிட்டர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 64,800 லிட்டர் தேவை. அதை 60 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பின் திறன் ஐம்பது சதவீதமே என்று வைத்துக்கொண்டாலும், 21 யூனிட் போதும். இருநூறு மின்விளக்குகளைப் பகலும் இரவும் எரித்தாலும், ஒவ்வொன்றும் 20 வாட் எல்.இ.டி. விளக்காக இருந்தால், நாளொன்றுக்கு 96 யூனிட்டுக்கு மேல் ஆகாது.

குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களில் காரசாரமாக விவாதிக்கப்படுபவை பெரும்பாலும் இந்தப் பொதுச் செலவுகளே. லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், அடித்தள வாகன நிறுத்துமிடத்தின் காற்றோட்ட விசிறிகள் ஆகியவற்றின் கட்டணம் பட்டியலிடப்பட்டு அனைவர்மீதும் பகிர்ந்து சுமத்தப்படுவதால், அது கண்ணில் படுகிறது. தமிழ்நாட்டிலும் இதற்கு அண்மைக்கால அனுபவம் உண்டு. அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு 2022-ஆம் ஆண்டில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்ற தனிக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பின்னர், 2023 அக்டோபரில், பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு உட்பட்ட, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு அது 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

பொதுச் செலவில் சிக்கனம் தேவைதான். 2015-இல் தொடங்கப்பட்ட 'உஜாலா' திட்டத்தால் எல்.இ.டி. விளக்குகளின் விலை சரிந்ததும், படிக்கட்டு விளக்குகளின் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால், கட்டடத்தின் பெருஞ்செலவு நான்கு சுவர்களுக்குள்ளே, மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடக்கிறது. அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் நிறைவேற்றப்படுவதில்லை.

சுவர் வழியே வரும் வெப்பம்: சுவரின் தரத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கையில், ஒரு சதுர மீட்டர் சுவரின் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்று பார்ப்பது அது. 23 சென்டிமீட்டர் பூசப்பட்ட செங்கல் சுவரில் இது ஏறத்தாழ 2 வாட். நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த ஏ.ஏ.சி. கற்களால் 20 சென்டிமீட்டர் கனத்தில் எழுப்பிய சுவரில் 1 வாட்டுக்கும் குறைவு. 15 சென்டிமீட்டர் கான்கிரீட் சுவரிலோ 3.5 வாட் அளவுக்குச் செல்கிறது.

கடந்த சில ஆண்டுகளாக உயர் கட்டடங்களில் பரவலாகக் கையாளப்படுவது மூன்றாவது வகை. கட்டுமானத் தொழிலில் 'மிவன்' என்று அழைக்கப்படும் அலுமினிய அச்சுகளை நிறுத்தி, சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் கான்கிரீட்டில் வார்த்துவிடுகின்றனர். கொத்தனார்கள் கல் அடுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. சில நாள்களில் ஒரு மாடி எழும்பிவிடும். நிலநடுக்க அபாயம் உள்ள தில்லிப் பகுதியில் இத்தகைய சுவர்களுக்கு உறுதி சார்ந்த நன்மையும் உண்டு. எனினும், வெளிப்புறத்தில் வெப்பத்தடுப்பு ஏதுமின்றி வார்க்கப்பட்ட மேற்குச் சுவர், மாலை வெயிலைப் பருகி வைத்துக்கொண்டு, வீட்டார் உறங்கச் செல்லும் நேரத்தில் அதை அறைக்குள் வெளியிடத் தொடங்குகிறது. குளிர்சாதனம் இரவெல்லாம் போராடுவது பெரும்பாலும் இந்தச் சுவரோடுதான்.

ஜன்னலின் கதையும் இதுவே. பழைய அரசுக் குடியிருப்புகளிலும் தில்லி வளர்ச்சி ஆணைய வீடுகளிலும் ஜன்னலுக்குமேல் நீண்டிருந்த சன்ஷேடு, புதிய கோபுரங்களின் முகப்பு அழகுக்காகச் சுருங்கிவிட்டது. தரை முதல் கூரை வரை கண்ணாடி என்பது விளம்பரங்களில் ஒரு தகுதியாகவே முன்வைக்கப்படுகிறது. பழைய வீடுகளின் ஜன்னலில் வைக்கோல் தட்டிகளோடு அமர்ந்திருந்த ஏர்கூலருக்குப் பெரும்பாலும் 200 வாட் போதும். குளிர்சாதனத்துக்கு அதைப்போல் பல மடங்கு தேவை. ஈரப்பதம் மிகுந்த ஜூலை மாதத்தில் கூலர் பயன்படாது என்பது உண்மையே. ஆனால், வறண்ட மே மாதத்திலேனும் அதை வைத்துக்கொள்ள இருபதாவது மாடியின் ஜன்னலில் இடமில்லை.

இவ்வாறுதான் கட்ட முடியும் என்பதில்லை. தெற்கு தில்லியின் அலக்நந்தா பகுதியில் உள்ள தாரா குடியிருப்பு 1970-களில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவால் வடிவமைக்கப்பட்டது. தில்லியின் வெயிலை மனத்தில் கொண்டு, நடுவே நிழலும் பசுமையும் கொண்ட வெளியைச் சுற்றி வீடுகள் அடுக்கப்பட்டன. அது கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள் ஓங்கியிருந்த காலம். நிலம் பெற்றவர்களும் கட்டியவர்களும் குடியேறியவர்களும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்களாக இருந்தனர். சுவருக்குச் செலவிடுபவருக்கும் மின்கட்டணம் செலுத்துபவருக்கும் இடையே அன்று இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை.

மீட்டர் யார் கையில்?: வீடு வாங்கியவர் தம் நுகர்வையாவது தெளிவாக அறிகிறாரா என்றால், அதிலும் சிக்கல் உண்டு. நொய்டா, காஜியாபாத், குருகிராமில் உள்ள பல பெரிய குடியிருப்புகளுக்கு மின் விநியோக நிறுவனம் வீடு வீடாக இணைப்பு தருவதில்லை. வளாகம் முழுவதற்கும் உயரழுத்தத்தில் ஒரே இணைப்பு தரப்படுகிறது. உள்ளே அதைப் பகிர்ந்தளித்துக் கட்டணம் வசூலிப்பவர் கட்டுமான நிறுவனத்தார் அல்லது குடியிருப்போர் சங்கத்தினர். வீட்டில் இருப்பது முன்பணம் செலுத்தும் மீட்டர். அதில் மின்வாரியத்தின் மின்சாரத்துக்கு ஒரு விலை, வளாகத்தின் ஜெனரேட்டர் மின்சாரத்துக்கு வேறொரு விலை. பல வளாகங்களில் பராமரிப்புக் கட்டணமும் அதே முன்பணத்திலிருந்து கழிக்கப்படுவதாகப் புகார்கள் நீண்ட நாள்களாக உள்ளன. பணம் குறைந்தது தெரியும். எதற்காகக் குறைந்தது என்பது தெரியாது.

இந்நிலையை மாற்ற, மின் நுகர்வோர் உரிமை விதிகளில் மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி, வளாகத்துக்கு ஒரே இணைப்பா, வீட்டுக்கு வீடு தனி இணைப்பா என்பதைக் குடியிருக்கும் உரிமையாளர்களே பெரும்பான்மை விருப்பப்படி முடிவு செய்யலாம். தனி வீட்டு நுகர்வு, மாற்று மின்சாரம், பொதுப் பயன்பாடு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மீட்டரும் கட்டணமும் இருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. மின்சிக்கனத்தின் முதல் படி செலவைக் கண்ணால் காண்பதே என்பதால், இந்தத் திருத்தம் சாதாரணமானதன்று. ஆனால், இதைச் செயல்படுத்த வளாகத்தின் உள் மின்கம்பி அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான செலவை யார் ஏற்பது என்ற பூசல் உடனே எழும்.

டீசலின் நிழல்: குருகிராமின் புதிய பகுதிகளில், துணை மின்நிலையங்கள் அமைவதற்கு முன்னரே கோபுரங்களில் மக்கள் குடியேறினர். பல வளாகங்கள் நீண்ட காலம் தற்காலிக இணைப்பையும் டீசல் ஜெனரேட்டர்களையும் நம்பியே இருந்தன. ஒரு லிட்டர் டீசலிலிருந்து ஏறத்தாழ 3.5 யூனிட் மின்சாரம் கிடைக்கும், அதற்கு 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகம். இந்த அளவு நிலக்கரி மிகுந்த மின்தொகுப்பின் சராசரியிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. வேறுபாடு மற்றோர் இடத்தில் உள்ளது. அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி ஊருக்கு வெளியே இருக்கிறது. ஜெனரேட்டரின் புகையோ குழந்தைகள் விளையாடும் மைதானத்துக்கு அருகிலேயே வெளியேறுகிறது.

தலைநகர்ப் பகுதியின் காற்றுத் தர மேலாண்மை ஆணையம், உமிழ்வுக் கட்டுப்பாட்டுக் கருவியோ எரிவாயு கலந்து இயங்கும் வசதியோ இல்லாத ஜெனரேட்டர்களை 2023 அக்டோபர் 1 முதல் கட்டுப்படுத்தியது. மாற்றியமைக்கும் செலவு குடியிருப்போரின் தலையிலேயே விழுந்தது. துணை மின்நிலையம் வருமுன் குடியேற்ற அனுமதி வழங்கியவர்கள் எவரும் அதில் பங்கேற்கவில்லை.

கசியும் வாயு: மின்சாரத்தோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. குளிர்சாதனத்தினுள் சுழலும் வாயுவே ஒரு பசுமை இல்ல வாயு. பழைய கருவிகளில் உள்ள ஆர்-22 வாயு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் சுமார் 1,800 மடங்கு புவியை வெப்பப்படுத்தக் கூடியது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ சுமார் 2,100 மடங்கு. இப்போது பரவலாக உள்ள ஆர்-32, ஏறத்தாழ 675 மடங்கு. வீட்டுக் கருவியில் இருக்கும் வாயு ஒரு கிலோ என்று கொண்டால், ஆர்-32 முழுவதும் கசிந்து வெளியேறுவது, சுமார் 950 யூனிட் மின்சாரம் செலவழிப்பதற்குச் சமம். கோடைதோறும் பழுது நீக்குபவர் வந்து 'கேஸ் போட்டுவிட்டு'ச் செல்லும்போது, முன்பிருந்த வாயு எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

ருவாண்டா தலைநகர் கிகாலியில் 2016-இல் உருவான உடன்பாட்டை இந்தியா 2021-இல் உறுதி செய்தது. அதன்படி இவ்வகை வாயுக்களின் பயன்பாட்டை இந்தியா 2032-லிருந்து படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். 2019-இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டமும் 2037-38-க்குள் குளிரூட்டலுக்கான தேவையை 20 முதல் 25 சதவீதம் வரை குறைப்பதை இலக்காகக் கொண்டுள்ளது. அத்திட்டம் வெளியான காலத்தில் நாட்டின் வீடுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றிலேயே குளிர்சாதனம் இருந்தது. எஞ்சியவை வாங்கத் தொடங்கும்போது அவை எத்தகைய சுவர்களுக்குள் பொருத்தப்படும் என்பதே கேள்வி.

கூரை போதுமா?: சூரிய மின்தகடுகள் இருக்க என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. 2024-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கென அமைக்கப்படும் தகடுகளுக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால், உயரமான கட்டடத்தில் கூரை சிறியது, வீடுகள் அதிகம். முன்னர்க் கண்ட கோபுரத்தின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளும் லிஃப்ட் அறையும் போக 400 சதுர மீட்டர் எஞ்சுவதாகக் கொண்டால், 40 கிலோவாட் அளவுக்குத் தகடுகள் அமைக்கலாம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 160 யூனிட் கிடைக்கும். தண்ணீர் மோட்டாருக்கும் விளக்குகளுக்கும் அது தாராளமாகப் போதும். குளிர்சாதனங்களின் 1,920 யூனிட்டுக்கு முன்னால் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

நேரமும் பொருந்துவதில்லை. தகடுகள் நண்பகலில் மின்சாரம் தருகின்றன. படுக்கையறைக் குளிர்சாதனங்கள் இரவில் ஓடுகின்றன. நாடு முழுவதும் சூரிய மின் உற்பத்தி பெருகப் பெருகப் பகல் நேரத் தேவையைச் சமாளிப்பது எளிதாகி, சூரியன் மறைந்த பிந்தைய தேவைக்கே நிலக்கரி நிலையங்களை நாட வேண்டியுள்ளது. கூரை கிடைக்காதவர்கள் வேறோர் இடத்துச் சூரிய மின்சாரத்தில் பங்கு பெறும் வகையில் தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் நெறிமுறைகளை வெளியிட்டது நல்ல தொடக்கம். ஆயினும் இரவுத் தேவையைக் குறைக்க வல்லது வெப்பத்தை உள்ளே விடாத சுவரே.

சட்டம் வந்தது, தாமதமாக: குளிர்சாதனக் கருவிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2010-இல் கட்டாயமாக்கப்பட்டது. 2020 முதல் அவற்றின் தொடக்க வெப்பநிலை 24 டிகிரியாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு டிகிரி உயர்த்தினால் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணிப்பு. இனிவரும் கருவிகளை 20 முதல் 28 டிகிரிக்குள் மட்டுமே இயங்கச் செய்யப் போவதாக மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் 2025 ஜூனில் அறிவித்தபோது, அது நாடெங்கும் விவாதப் பொருளானது. சுவரைப் பற்றி அத்தகைய விவாதம் எழுந்ததில்லை.

வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 2007-இலேயே வெளியானது. வீடுகளுக்கானது வர மேலும் பதினொரு ஆண்டுகள் ஆயின. 2018 டிசம்பரில் வெளியிடப்பட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா', குளிர் மிகுந்த பகுதிகள் நீங்கலாக, வெளிச்சுவரும் ஜன்னலும் வழியே வீட்டினுள் புகும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட் என்று உச்சவரம்பு விதித்தது. கூரைக்கும் தனி வரம்பு உண்டு. 2021-இல் வந்த இரண்டாம் பகுதி லிஃப்ட், பம்பு, பொது விளக்குகள் ஆகியவற்றுக்கு நெறிகள் வகுத்தது.

எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் இதற்குச் சட்டவலு சேர்த்தது. ஆகஸ்டில் மக்களவையிலும் டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 2023 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், 100 கிலோவாட் இணைப்புச் சுமை கொண்ட குடியிருப்புக் கட்டடங்களையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. 120 வீடுகள் கொண்ட கோபுரம், வீட்டுக்கு 5 கிலோவாட் என்று கொண்டால், 600 கிலோவாட் சுமை உடையது. ஐயத்துக்கு இடமின்றி இச்சட்டத்துக்கு உட்பட்டது.

எனினும், தில்லியில் எழுதப்படும் விதி கட்டடமாக உருவெடுக்க, மாநில அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். உள்ளாட்சி அமைப்பு அதைத் தன் கட்டட விதிகளில் சேர்க்க வேண்டும். வரைபடத்தைச் சரிபார்க்கும் பொறியாளர் அதை அறிந்திருக்க வேண்டும். தலைநகர்ப் பகுதியோ தில்லி, உத்தரப் பிரதேசம், ஹரியாணா, ராஜஸ்தான் என்று நான்கு ஆட்சிகளுக்கிடையே பிரிந்து கிடக்கிறது. அதற்குள், விதி வருவதற்கு முன்னர் அனுமதி பெற்ற கோபுரங்கள் எழும்பி முடிந்துவிடுகின்றன. அவற்றை இடித்துத் திருத்த இயலாது. நொய்டாவில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2022 ஆகஸ்ட் 28-இல் தகர்க்கப்பட்ட இரட்டைக் கோபுரங்கள் விட்டுச் சென்றவை சுமார் 80,000 டன் இடிபாடுகள். அவற்றிலிருந்த சிமெண்டையும் இரும்பையும் உருவாக்க எரித்த எரிபொருள் யாருக்கும் பயன்படாமலேயே புகையாகிப் போனது. பிழையாகக் கட்டிவிட்டுத் திருத்துவதற்கு ஆகும் விலைக்கு அது ஓர் அடையாளம்.

ராஜ்கோட் காட்டிய வழி: தொடக்கத்திலேயே சரியாகக் கட்ட முடியும் என்பதற்குக் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் சான்று உள்ளது. பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின்கீழ், இந்திய-சுவிட்சர்லாந்து கூட்டுத் திட்டத்தின் தொழில்நுட்ப உதவியோடு, 'ஸ்மார்ட் கர்-3' என்ற பெயரில் 1,176 வீடுகள் கட்டப்பட்டன. சுவர்களுக்கு ஏ.ஏ.சி. கற்கள் பயன்படுத்தப்பட்டன. ஜன்னல் கதவுகளில் கண்ணாடியின் பரப்பு குறைக்கப்பட்டு, முழுமையாகத் திறக்கும் வகையில் அவை அமைக்கப்பட்டன. குழாய்கள் செல்லும் பொது இடைவெளியே காற்றை ஈர்த்து வெளியேற்றும் வழியாகவும் மாற்றப்பட்டது. குளிர்சாதனம் வாங்க இயலாத குடும்பங்கள் வெப்பத்தைத் தாங்க வேண்டும் என்பதே அங்கே நோக்கம்.

ஏழைகளுக்காக அரசு கட்டிய வீட்டின் சுவர், கோடி ரூபாய் கொடுத்து வாங்கும் வீட்டின் சுவரைவிட நன்றாக வெயிலைத் தடுக்கிறது என்பது யோசிக்க வேண்டிய செய்தி. முன்னதில் வடிவமைப்பவர் குடியிருப்போரின் வெப்பத்தைக் கணக்கில் கொண்டார். பின்னதில் மின்சாரம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்.

யார் பின்னால் யார்?: 2070-க்குள் நிகர வெளியேற்றம் இல்லாத நாடாவோம் என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. வளர்ந்த நாடுகளோடு ஒப்பிடுகையில் தனிநபர் வெளியேற்றம் மிகக் குறைவு என்பது சர்வதேச அரங்குகளில் இந்தியா முன்வைக்கும் வாதம்; அது நியாயமானதே. ஆனால், அந்தச் சராசரி குறைவாக இருப்பதற்குக் காரணம், மின்விசிறியோடு கோடையைக் கழிக்கும் கோடிக்கணக்கான குடும்பங்கள். நாட்டின் வசதி படைத்தோர் ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்கின்றனர் என்று கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு 2007-இல் வெளியிட்ட அறிக்கை குற்றஞ்சாட்டியது. இரவு 11 மணிக்கு நொய்டாவின் கோபுரங்களைப் பார்ப்பவருக்கு அந்தக் குற்றச்சாட்டை எளிதில் மறுக்க இயலாது.

அதற்காகக் குளிர்சாதனம் வைத்திருப்போரைக் குற்றவாளிகளாக்குவதும் முறையாகாது. 35 டிகிரி இரவில் உறங்க விரும்புவது ஆடம்பரம் அன்று. வாழ்நாள் சேமிப்பையும் இருபது ஆண்டுக் கடனையும் கொட்டி வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு, அந்தச் சுவர் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடும் என்று சொல்லியவர் எவருமில்லை. கட்டுமான நிறுவனங்கள் சொல்லும் 'சதுர அடி'யை நம்பி ஏமாந்த காலம் ஒன்று இருந்தது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பின்னர், சுவருக்கு உட்பட்ட தரைப்பரப்பைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அதே ஆவணத்தில் வீட்டின் வெப்ப அளவையும் எதிர்பார்க்கப்படும் ஆண்டு மின் நுகர்வையும் சேர்க்கச் செய்வது இயலாத செயலன்று. வீடுகளுக்கான நட்சத்திரக் குறியீட்டுத் திட்டத்தை எரிசக்தித் திறன் அமைப்பு ஏற்கெனவே வகுத்துள்ளது; அது விருப்பத்தின் பேரிலான திட்டமாக இருப்பதே குறை.

முப்பதாயிரம் ரூபாய் குளிர்சாதனத்தின்மேல் நட்சத்திரம் ஒட்டாமல் விற்க முடியாத நாட்டில், ஒரு கோடி ரூபாய் வீட்டை எந்தக் குறியீடும் இன்றி விற்க முடிகிறது. இந்த முரண்பாட்டை நீக்கும் அதிகாரம் மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. இன்று அனுமதிக்காக நகராட்சி அலுவலகங்களில் காத்திருக்கும் வரைபடங்கள், 2070 என்ற இலக்கு ஆண்டிலும் கட்டடங்களாக நின்றுகொண்டிருக்கும்.